தரையில் வழுக்கும் காய்கள்: மிகை மெய்ம்மை பற்றிய வாசகர் கேள்வி பதில்

கைத்தொலைபேசியின் கமெரா காட்டும் உண்மைக் காட்சியின் மேல், அந்த இடத்திலேயே இருப்பதுபோல் ஒரு பொருளை நிறுத்திக் காட்டுவதே மிகை மெய்ம்மை. சுருக்கமாக ஏ.ஆர். என்கிறோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: கணினித் திரையில் ஒழுங்காக ஓடியது, வெளியே கொண்டுபோனதும் குழம்புகிறது. ஆகவே நிரலைப் பற்றிப் பேசியதிலும் தரை, வெளிச்சம், தாள், கையிலுள்ள போன் ஆகியவற்றைப் பற்றியே கூடப் பேசியிருக்கிறோம்.

கேள்வி: தரம் 10 பிள்ளைகளுக்கு யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் படிப்பிக்கிறேன். உவர்நீருக்கு மேல் நன்னீர் மிதப்பதை, அச்சடித்த படத்தின் மேல் போனைப் பிடித்தால் முப்பரிமாணத்தில் தெரியும்படி செய்ய ஆசை. பிள்ளைகளிடம் இருப்பவை தாய் தகப்பனின் பழைய போன்கள். செயலி ஒன்றை நிறுவச் சொல்ல முடியாது. எங்கே தொடங்குவது?
ஆசிரியை, கொக்குவில்

பதில்: உலாவியே போதும். மைண்ட்ஏஆர் என்ற இலவச, திறந்த மூல நிரலகம் படத்தை அடையாளம் காணும் வேலையை உலாவிக்குள்ளேயே செய்துவிடும். முப்பரிமாணக் காட்சியை உலாவியில் அமைக்க உதவும் ஏ-ஃபிரேம் என்பதோடு சேர்த்துப் பயன்படுத்தினால் முப்பது நாற்பது வரிகளில் பக்கம் தயாராகிவிடும். கைரோஸ்கோப் (போன் திரும்புவதை அறியும் உணரி) இல்லாத போனிலும் ஓடும் என்பது உங்கள் வகுப்புக்குப் பெரிய வசதி.

முதல் வேலை படம்தான். நிரல் நிறத்தைப் பார்ப்பதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சம் சட்டென்று மாறும் மூலைகளையும் முனைகளையும் தேடுகிறது. நீல நன்னீருக்குப் பக்கத்தில் அதேயளவு கருமையான பச்சையில் உவர்நீரைத் தீட்டினால் எங்கள் கண்ணுக்கு இரண்டு, கமெராவுக்கு ஒன்று. வெறுமையான பெரிய வர்ணப் பரப்பும் ஆகாது, ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதும் ஆகாது. கிணறு, துலா, பனை, கதியால் வேலி, வாழை என்று தாள் முழுவதும் நிறைத்து வரைந்த கோட்டோவியம் நன்றாகப் பிடிபடும். கியூஆர் குறியீட்டையே இலக்குப் படமாக வைத்துவிடாதீர்கள். பக்கத்தைத் திறப்பதற்கு அது ஒரு மூலையில் இருக்கட்டும்.

படத்தை மைண்ட்ஏஆரின் தொகுப்பிப் பக்கத்தில் ஏற்றினால், தான் கண்டுபிடித்த புள்ளிகளைப் படத்தின் மேலேயே காட்டும். புள்ளிகள் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் திருத்த வேண்டியது படத்தை, நிரலை அல்ல. அங்கே கிடைக்கும் இலக்குக் கோப்பையும் ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவில் உள்ள உங்கள் மாதிரியையும் பக்கத்தோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். இலக்குப் படத்தின் அகலம் எத்தனை சென்ரிமீற்றராக இருந்தாலும் மைண்ட்ஏஆருக்கு அது 1 அலகு. மாதிரியின் அகலம் 0.9 அலகாக இருந்தால் தாளுக்குள் அளவாக அடங்கும்.

இனி மாதிரி. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை இறங்கியிருக்கும் என்பது பாடத்தில் வரும் கீபன்-ஹெர்ஸ்பேர்க் தொடர்பு. இதை உண்மை அளவில் வரைந்தால் ஒன்றுமே தெரியாது. குடாநாட்டை 15 கிலோமீற்றர் அகலமென்று கொண்டு, அதை 20 சென்ரிமீற்றர் தாளுக்குள் அடக்கினால் 30 மீற்றர் தடிப்புள்ள நன்னீர் வில்லை வெறும் 0.4 மில்லிமீற்றர்! ஆகவே நிலைக்குத்து அளவை 50 மடங்கு பெருக்குங்கள். 2 சென்ரிமீற்றர் கிடைக்கும். பெருக்கியிருக்கிறோம் என்பதைத் திரையில் எழுதியே ஆகவேண்டும். இல்லையென்றால் நிலத்துக்குக் கீழே பெரிய ஏரி ஒன்று கிடக்கிறது என்ற பிழையான எண்ணத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போகும்.

வெறும் வெட்டுமுகத்தைக் காட்டுவதற்கு ஏ.ஆர். தேவையில்லை, கரும்பலகையே போதும். கரும்பலகையில் காட்ட முடியாதது அசைவு: 'நீரிறைப்பு' என்ற பொத்தானை அழுத்த, கிணற்றின் மட்டம் சற்று இறங்க, அடியிலிருந்து உவர்நீர் கூம்பாக எழுந்து வருவது. பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் ஷேப் கீ என்ற வசதியால் உவர்நீரின் மேற்பரப்புக்கு இரண்டு நிலைகள் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் அசைவோடு ஜிஎல்பியாக ஏற்றுமதி செய்யுங்கள். உங்கள் பாடத்தின் உயிர் இந்த ஒரு அசைவில்தான் இருக்கிறது. மற்ற அலங்காரம் எதையும் விட்டுவிடலாம்.

பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் போன்ற எச்டிடிபிஎஸ் முகவரியில் ஏற்றுங்கள். பாதுகாப்பான முகவரி இல்லாவிட்டால் உலாவி கமெராவைத் திறக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான்: மடிக்கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (கணினி தன்னையே அழைக்கும்) முகவரியில் கமெரா திறக்கும், அதே பக்கத்தை வகுப்பு வைஃபை வழியாக 192.168 என்று தொடங்கும் முகவரியில் போனில் திறந்தால் மறுத்துவிடும். இன்னொரு பொறி கோப்புப் பெயர். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது, கிட்ஹப் பொருட்படுத்தும். வீட்டில் தெரிந்த கிணறு பாடசாலையில் தெரியாமல் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பக்கம் முழுவதையும் 6 மெகாபைட்டுக்குள் முடித்தால், 30 போன்கள் ஒரே ஹொட்ஸ்பொட்டில் இறக்கும்போது மொத்தம் 180 மெகாபைட். முதல் நாள் வீட்டிலேயே ஒருமுறை திறந்துவிட்டு வரச் சொன்னால் பாரம் இன்னும் குறையும். பேஸ்புக், மெசெஞ்சர் ஆகியவற்றின் உள்ளுலாவியில் கமெரா திறக்காமல் போகலாம். குரோமில் திறக்கச் சொல்லுங்கள். படத்தை லமினேட் செய்ய வேண்டாம். யன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெறித்து பாதிப் புள்ளிகளை அழித்துவிடும். தடித்த மட் (பளபளப்பில்லாத) தாளே நல்லது. மாதிரி நடுங்கினால், மைண்ட்ஏஆரின் அமைப்பில் ஃபில்டர்மின்சிஎஃப் என்ற எண்ணைக் குறைத்துப் பாருங்கள். நடுக்கம் குறையும். அதன் விலையாக, தாளை அசைக்கும்போது மாதிரி சற்றுப் பிந்தி வரும். அப்படி வந்தால் ஃபில்டர்பீற்றாவைக் கூட்டுங்கள்.

கேள்வி: என் போனுக்கு 'கூகுள் பிளே சேர்விசஸ் ஃபோர் ஏஆர்' பிளே ஸ்டோரில் வருவதே இல்லை. ஏபிகே கோப்பை (அன்ட்ரொயிட் செயலிக் கோப்பு) வேறெங்காவது இறக்கி நிறுவினால் சரிவருமா?
மாணவர், சுன்னாகம்

பதில்: சரிவராது. ஏஆர்கோர் (அந்தச் சேவையின் பின்னுள்ள கூகுளின் ஏ.ஆர். தொழில்நுட்பம்) உங்கள் நகர்வை அறிவது கமெராப் படத்தையும் அசைவு உணரிகளின் அளவீட்டையும் ஒன்றோடொன்று பொருத்தி. கமெராவின் வில்லை எவ்வளவு வளைக்கிறது, உணரி அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பவையெல்லாம் ஒவ்வொரு போன் வகைக்கும் அளந்து பதியப்பட்டவை. அந்த அளவுகள் இல்லாத போனில் வலிந்து நிறுவினாலும் பொருள் ஓரிடத்தில் நிற்காது. கூகுள் வெளியிட்டிருக்கும் ஆதரவுப் பட்டியலில் உங்கள் போனின் சரியான மாதிரி இலக்கத்தைத் தேடுங்கள். வியாபாரப் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு வகையாக இருப்பதுண்டு. பட்டியலில் இல்லையென்றால், மேலே ஆசிரியைக்குச் சொன்ன படவழி முறை உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: யுனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் தாயம் விளையாட்டு ஒன்று செய்கிறேன். விறாந்தைத் தரையில் கட்டத்தை வைத்தால் காய்கள் மெல்ல மெல்ல வழுக்குகின்றன. சில காய்கள் தரைக்குக் கீழே போய்விடுகின்றன. நிரலில் பிழை எதுவும் தெரியவில்லை.
வாசகர், கோண்டாவில்

பதில்: உங்கள் விறாந்தை பளபளக்கும் ரைல்ஸ் அல்லது மெழுகிய சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். ஏஆர்கோர் தரையில் உள்ள கீறல், கறை, கோடு போன்ற அடையாளப் புள்ளிகளைப் பிடித்துத்தான் தளத்தைக் கணிக்கிறது. ஒரே நிறச் சீமெந்தில் பிடிக்க ஒன்றுமில்லை. ரைல்ஸில் நிலைமை இன்னும் மோசம்: தரையில் தெரியும் யன்னலின் பிம்பம், கணக்குப்படி தரைக்குக் கீழே இருக்கும் ஒரு பொருள். கமெரா அந்தப் பிம்பத்தின் புள்ளிகளையும் பிடித்துக்கொள்வதால் தளம் கீழே இறங்குகிறது, காய்களும் கூடவே இறங்குகின்றன.

பழைய செய்தித்தாள் நான்கு பக்கங்களை விரித்து, காற்றாடிக் காற்றுக்குப் பறக்காமல் ஓரங்களில் பாரம் வைத்து, அதன் மேல் சோதியுங்கள். வழுக்கல் நின்றால் குற்றவாளி தரைதான். நிறக்கோடுகள் ஒழுங்கற்றுப் போகும் பன்பாயும் உதவும்.

நிரலிலும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு காய்க்கும் தனித்தனி நங்கூரம் (பொருளை ஓரிடத்தில் நிறுத்தும் ஏஆர் ஆங்கர்) கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் திருத்தப்பட்டு, ஒன்றுக்கொன்று விலகும். கட்டத்துக்கு மட்டும் ஒரு ஏஆர் ஆங்கர் கொடுத்து, காய்கள் அனைத்தையும் அதன் கீழ்ப் பிள்ளைகளாக, அதாவது அதோடு சேர்ந்து நகரும் துணைப் பொருள்களாக, வையுங்கள். யுனிட்டியில் 1 அலகு என்பது 1 மீற்றர். 60 சென்ரிமீற்றர் கட்டம் 0.6 அலகாக இருக்கவேண்டும். காயின் அடியில் மென்மையான கருநிழல் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். நிழல் இல்லாத பொருள் சரியான இடத்தில் நின்றாலும் மிதப்பதாகவே கண்ணுக்குப் படும்.

இன்னும் உறுதியான வழி, கட்டத்தையே ஏ3 தாளில் அச்சடித்து இலக்குப் படமாக்குவது. வெறும் கட்டம் திரும்பத் திரும்ப வரும் கோலம் என்பதால் பிடிபடாது. ஓரங்களிலும் மலைக்கட்டங்களிலும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட சித்திரங்கள் வையுங்கள். கூகுளின் ஏஆர்கோர்இம்ஜ் என்ற கருவி படத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளி கொடுக்கும். 75க்குக் கீழ் வந்தால் மாற்றி வரையுங்கள். முதல் தடவை பிடிபடுவதற்குப் படம் கமெராக் காட்சியில் கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் விளையாடுபவருக்குத் திரையில் சொல்லிவிடுங்கள். கை மறைக்கும்போது கண்காணிப்பு நிலை 'லிமிற்றெட்' ஆகும். அந்த நேரம் காய்களை மறைத்துவிடாமல் கடைசி இடத்திலேயே நிறுத்தி வையுங்கள்.

அச்சடித்த கட்டத்தில் இன்னொரு இலாபமும் உண்டு. இரண்டு போன்கள் ஒரே தாளைப் பார்த்தால் இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றே; விழுந்த எண்ணையும் காயின் இடத்தையும் மட்டும் பரிமாறினால் இருவர் விளையாடலாம். சோகியைத் திரையில் உருட்டாதீர்கள் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். உண்மைச் சோகியைக் கையில் குலுக்கித் தரையில் போடும் சத்தமும் வாக்குவாதமும் இல்லாமல் தாயம் இல்லை. விழுந்த எண்ணை அழுத்துவதற்குப் பொத்தான்கள் மட்டும் வைத்தால் போதும்.

கேள்வி: யுனிட்டியில் ஏ.ஆர். காட்சியைத் தொகுத்துப் போனில் போட்டால் முழுக் கறுப்பு. பொத்தான்கள் தெரிகின்றன, கமெரா தெரியவில்லை.
பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: பொத்தான்கள் தெரிவதால் செயலி ஓடுகிறது, கமெராப் படம் வரையப்படவில்லை, அவ்வளவுதான். யூஆர்பி (யுனிட்டியின் காட்சி வரையும் முறைகளில் ஒன்று) முறையில் செய்திருந்தால் பத்தில் எட்டுத் தடவை காரணம் ஒன்றே: ரெண்டரர் கோப்பில் 'ஏஆர் பக்ரவுண்ட் ரெண்டரர் ஃபீச்சர்' சேர்க்கப்படவில்லை. சேர்த்தும் கறுப்பாகவே இருந்தால், கணினிக்கு ஒன்று, மொபைலுக்கு ஒன்று என இரண்டு ரெண்டரர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய யுனிட்டி வார்ப்புருக்களில் அப்படித்தான் இருக்கும். கணினிக்குரியதில் சேர்த்துவிட்டு மொபைலை விட்டுவிடுவது வழமையான தவறு.

அது சரியென்றால், எக்ஸ்ஆர் பிளக்-இன் மனேஜ்மென்ட்டில் அன்ட்ரொயிட் தாவலுக்குப் போய் ஏஆர்கோர் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினித் தாவலில் தெரிவு செய்தது அன்ட்ரொயிட்டுக்குச் செல்லாது. பிறகு காட்சியில் பழைய மெயின் கமெரா இன்னும் கிடக்கிறதா என்று தேடுங்கள்; எக்ஸ்ஆர் ஒரிஜினுக்குள் உள்ள கமெரா ஒன்றே இருக்கவேண்டும். முதல் தடவை கமெரா அனுமதியைத் தவறுதலாக மறுத்திருந்தால் போனின் அமைப்புக்குள் போய்த் திரும்பக் கொடுக்க வேண்டும். பழைய ஏஆர்கோர் பதிப்புகளில் வல்கன் என்ற வரைகலை முறையைக் கிராபிக்ஸ் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியும் இருக்கும். ஸ்கிரிப்டிங் பக்கென்ட் ஐஎல்2சிபிபி, கட்டமைப்பு ஏஆர்எம்64, குறைந்த அன்ட்ரொயிட் பதிப்பு 7.0 என்பவை இருக்க வேண்டிய அமைப்புகள். இவ்வளவுக்கும் பிறகும் கறுப்பென்றால், போனை யூஎஸ்பியில் தொடுத்து லொக்கட் என்ற போனின் பதிவேட்டைத் திறந்து யுனிட்டி என்று வடிகட்டிப் படியுங்கள். முதல் சிவப்பு வரியைப் பாருங்கள், கடைசி வரியை அல்ல. பின்னால் வருபவை அனேகமாக முதல் பிழையின் விளைவுகளே.

கேள்வி: யுனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ்புரோவில் தமிழ் எழுத்துரு போட்டேன். 'யாழ்ப்பாணம்' சரியாக வருகிறது. 'கோட்டை', 'குளம்' இரண்டும் உடைந்து வருகின்றன. எழுத்துரு பழுதா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: எழுத்துரு பழுதில்லை. நீங்கள் கொடுத்த மூன்று சொற்களுக்குள்ளேயே விடை இருக்கிறது. யுனிகோட்டில் 'டை' என்பது ட, அதன் பின் ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் குறி முன்னால் வரவேண்டும். உலாவியும் வேர்ட் மென்பொருளும் இந்த இடமாற்றத்தைத் தாமே செய்கின்றன. டெக்ஸ்ட்மெஷ்புரோ சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. 'கோ' இரண்டு பக்கமும் குறி கொண்டது, அதுவும் குழம்பும். 'கு' என்பது ககரமும் குறியும் இணைந்து தனி வடிவமாகும் எழுத்து. அந்த இணைவடிவத்தை எடுக்கத் தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் கால்குறியும் புள்ளியும் மட்டுமே இருப்பதால் தப்பிவிட்டது. இனிமேல் தமிழ் எழுத்தைச் சோதிக்க 'கோட்டை', 'குளம்', 'நெடுந்தீவு', 'பூநகரி' ஆகியவற்றை எழுதிப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்குக் கைவசம் ஒரு தீர்வு உண்டு: பாமினி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஒவ்வொரு வடிவமும், 'கு' உட்பட, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தனித்தனியாக இருக்கிறது; கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சாகிறது. ஆகவே டெக்ஸ்ட்மெஷ்புரோ அதைக் குழப்ப வழியில்லை. எழுத்துருச் சொத்தை உருவாக்கும்போது எழுத்து வீச்சை 32 முதல் 255 வரை கொடுங்கள். பாடங்கள், பெயர்கள் அனைத்தையும் யுனிகோட்டிலேயே வைத்திருந்து, திரையில் காட்டும் கணத்தில் மட்டும் பாமினிக்கு மாற்றும் சிறு மாற்றியை எழுதுங்கள். மூலத்தையே பாமினியில் தட்டிவிட்டால் பிறகு தேடவும் முடியாது, வேறு எழுத்துருவுக்கு மாறவும் முடியாது. ஆங்கிலச் சொல்லோ அடைப்புக்குறியோ கலந்து வரும் வரிகளில் கவனம் தேவை. ஆங்கிலப் பகுதியை வேறு எழுத்துருவில் காட்ட வேண்டியிருக்கும். வெளியிடுவதற்கு முன் அந்த எழுத்துருவைச் செயலிக்குள் பொதித்துக் கொடுக்க உரிமம் இடம்தருகிறதா என்று பாருங்கள்.

மாறாத தலைப்புகள் நாலைந்து மட்டுமென்றால் படமாகவே செய்து போடலாம். யுனிட்டி 6 வரிசையில், யூஐ டூல்கிட்டில் உள்ள அட்வான்ஸ்ட் டெக்ஸ்ட் ஜெனரேட்டர் தமிழை முறையாகக் கோக்கும். திரையோடு ஒட்டிய பட்டியல்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். உலாவிவழிச் செயலிகளில் ஏ-ஃபிரேமின் எழுத்துக் கூறு தமிழுக்கு உதவாது. சாதாரண எச்டிஎம்எல் எழுத்தைக் காட்சியின் மேல் வையுங்கள். எழுத்துகளைக் கோப்பதை உலாவி பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: யாழ்ப்பாணக் கோட்டையில் நடந்து விளையாடும் புதையல் வேட்டை ஒன்று செய்ய நண்பர்கள் நால்வர் சேர்ந்திருக்கிறோம். ஐந்து கொத்தளங்களிலும் ஜிபிஎஸ் புள்ளி வைத்து, அங்கே போனால் பழைய கோட்டையின் வடிவம் எழும்பவேண்டும். மாதிரிகள் வரையத் தொடங்கிவிட்டோம். கவனிக்கவேண்டியவை என்ன?
குருநகர் இளைஞர்கள்

பதில்: முதலில், வரைவதை நிறுத்துங்கள். ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மட்டும் வைத்து ஐந்து இடங்களிலும் நடந்து பாருங்கள். பெட்டி நிற்காத இடத்தில் கொத்தளமும் நிற்காது. வரைந்த மூன்று மாதமும் வீணாகும்.

திறந்தவெளியில் நல்ல போனின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீற்றர் பிழையோடு இருக்கும். உயர்ந்த மதிலின் அடியில் இன்னும் கூடும். ஆகவே ஜிபிஎஸ் 'வந்துவிட்டீர்கள்' என்று சொல்வதற்கு மட்டுமே. பொருளை நிறுத்துவதற்கு அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் 20 மீற்றர் வட்டத்துக்குள் வந்தால் உள்ளே, 35 மீற்றருக்கு அப்பால் போனால் வெளியே என்று இரண்டு எல்லைகள் வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் ஓரத்தில் நிற்பவருக்குத் திரை மின்னி மின்னி மாறும். போன் தானே சொல்லும் பிழை அளவு 25 மீற்றரைத் தாண்டினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள். கடைசி ஐந்து அளவீடுகளின் சராசரியை எடுங்கள்.

தூரம் கணிக்க நீண்ட சூத்திரம் தேவையில்லை. எங்கள் அகலாங்கில் 1 பாகை அகலக்கோடு சுமார் 110,600 மீற்றர், 1 பாகை நெடுங்கோடு சுமார் 109,700 மீற்றர். வித்தியாசங்களை இவற்றால் பெருக்கி பைதகரஸ் போட்டால் கோட்டை அளவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கணக்கை டபிள் (கூடிய துல்லியமுள்ள) எண்களில் செய்யுங்கள். யுனிட்டி நெடுங்கோட்டைத் துல்லியம் குறைந்த ஃபுளோட் எண்ணாகத் தருகிறது. 80 பாகைக்கு அண்மையில் ஃபுளோட்டின் ஒரு படி ஏறத்தாழ 0.8 மீற்றர். மேலும் மேலும் ஃபுளோட்டிலேயே கழித்துப் பெருக்கினால் அந்தப் பிழையும் சேர்ந்து வளரும்.

அதைவிடப் பெரிய தலையிடி திசை. போனின் திசைகாட்டி 10, 20 பாகை பிழைப்பது சாதாரணம். போன் உறையிலுள்ள காந்தமும் பக்கத்தில் நிற்கும் வாகனமும் அதை இன்னும் திருப்பும். 50 மீற்றர் தூரத்திலுள்ள மதிலின் மேல் 15 பாகை பிழைத்தால் உங்கள் கொத்தளம் 13 மீற்றர் தள்ளி நிற்கும். இதற்கு நம்பகமான வழி, விளையாடுபவரையே பொருத்தச் சொல்வது. நிற்கவேண்டிய இடத்தைப் படத்தோடு காட்டுங்கள். வாயில் வளைவின் வெளிக்கோட்டை வெள்ளைக் கோடாகத் திரையில் வரையுங்கள். அவர் போனைத் திருப்பி, அந்த வெள்ளைக் கோட்டினை உண்மையான வளைவின் மேல் ஒட்டவைத்துப் பொத்தானை அழுத்தும் கணத்தில் திசையும் இடமும் ஒருங்கே கிடைத்துவிடும். அதன் பின் ஏஆர்கோரின் நகர்வுக் கண்காணிப்பு பார்த்துக்கொள்ளும். கோட்டினைச் சற்றுப் பிழையாகப் பொருத்தினாலும் ஒரு விரலால் இடம் வலம் திருத்த வசதி வையுங்கள். ஏஆர்கோரின் ஜியோஸ்பேஷியல் வசதி தெருக்காட்சிப் படங்களைக் கொண்டு இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். அது அந்த இடத்தில் கிடைக்கிறதா என்று கேட்கும் செயற்கூறு உண்டு. ஐந்து புள்ளிகளிலும் கேட்டுப் பார்த்து, கிடைக்கும் இடத்தில் கூடுதல் உதவியாக வையுங்கள். அதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

கோட்டையில் ஒட்டுப்படம் எதுவும் ஒட்டக்கூடாது. அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம். பவளக்கல்லில் பசை பட்டால் உரிக்கும்போது கல்லும் சேர்ந்து உரியும். இலக்குப் படம் வேண்டுமென்றால் விளையாடுபவர் கையில் எடுத்துச் செல்லும் வரைபட அட்டையில் அச்சடியுங்கள். கூட்டமாக நிகழ்வு நடத்துவதென்றால் தொல்லியல் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

ஆட்களின் பாதுகாப்பை வடிவமைப்பிலேயே சேர்க்கவேண்டும். திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்வது எல்லோரும் செய்வது. மதிலின் மேல் அது ஆபத்து, அகழியின் கரையில் பேராபத்து. புள்ளிகள் எல்லாவற்றையும் கீழே, விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே வையுங்கள். நடக்கும்போது கமெராவை முழுதாக நிறுத்தி வரைபடத்தை மட்டும் காட்டுங்கள். ஏ.ஆர். காட்சிக்குள் ஒருவர் 1.5 மீற்றருக்கு மேல் நகர்ந்தால் காட்சியை மங்கவைத்து 'நில்லுங்கள்' என்று காட்டுங்கள். கமெராவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது பற்றரிக்கும் நல்லது. ஒரு புள்ளிக்கு 90 வினாடி என்றால் ஐந்துக்கும் ஏழரை நிமிடமே. நடுப்பகலில் தொடர்ந்து ஓட்டினால் போன் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்து, படம் தத்தித் தத்தி வரும். அப்போது கண்காணிப்பும் அறுந்துபோகும். வெயிலில் ஒளி ஊடுருவும் நீல நிற மாயத்தோற்றம் கண்ணுக்குத் தெரியாது. தடித்த கரும் வெளிக்கோடும் நிரப்பிய நிறமும் தெரியும். விளையாட்டை மாலை 4 மணிக்குப் பிறகு வைப்பது எல்லாவற்றுக்கும் நல்லது.

கதைக்கு ஒரு யோசனை. போர்த்துக்கேயர் கட்டியது நாற்பக்கக் கோட்டை. 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினர். சிதைந்த மதிலை முழுதாக எழுப்பிக் காட்டுவதைவிட, நிற்பவரின் காலடியில் பழைய நாற்பக்கக் கோட்டையின் கோடு தரையில் ஓடுவதைக் காட்டினால் வேலையும் குறைவு, தரையோடு ஒட்டிய கோடு என்பதால் பிழையும் அவ்வளவாகத் தெரியாது. கோடு ஊகமென்றால் ஊகமென்றே எழுதுங்கள்.

கேள்வி: வீட்டிலுள்ள பழைய பனையோலைப் பெட்டியையும் பித்தளைக் குத்துவிளக்கையும் போட்டோ எடுத்து முப்பரிமாண மாதிரியாக்கப் பார்த்தேன். பெட்டி ஓரளவு வந்தது, விளக்கு உருகிய மெழுகுபோல வந்தது.
வாசகி, காரைநகர்

பதில்: விளக்கு அப்படித்தான் வரும். போட்டோக்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைப் பொருத்தித்தான் மென்பொருள் வடிவத்தைக் கணிக்கிறது. மினுக்கிய பித்தளையில் தெரிவது அறையின் பிம்பம். நீங்கள் நகர அதுவும் நகரும். விளக்கை போட்டோவிலிருந்து எடுக்க முயல வேண்டாம். குத்துவிளக்கு கடைந்த உருவம். நேர்முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து, பிளெண்டரில் அதன் ஒரு பக்க ஓரத்தை மட்டும் கோடாக வரைந்து, ஸ்குரூ மொடிஃபையரால் 360 பாகை சுற்றுங்கள். அரை மணித்தியால வேலை. திரியிடும் மூக்குகளை மட்டும் தனியாகச் செய்து ஒட்டவேண்டும்.

பெட்டிக்கு விறாந்தை நிழல் அல்லது மப்பு நாள் நல்லது. நேர்வெயில் வேண்டாம். மூன்று உயரங்களில் மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் 15 பாகைக்கு ஒன்றாக 24 படம், மொத்தம் 72. பெட்டியைச் சுழற்றாமல் நீங்கள் சுற்றுங்கள். பெட்டி திரும்பிப் பின்புறச் சுவர் அசையாமல் நின்றால் மென்பொருள் குழம்பும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். ஓலைப் பின்னல் எங்கும் ஒரேமாதிரி இருப்பதால் ஒரு பக்கத்தை மறுபக்கமென்று எடுத்துக்கொள்ளவும் கூடும். பெட்டியைச் சுற்றித் தரையில் செய்தித்தாள் விரித்தால் அந்தக் குழப்பம் தீரும். பக்கத்தில் 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று கிடக்கட்டும், பிறகு அளவைச் சரிசெய்ய.

போட்டோக்களை மாதிரியாக்கும் மெஷ்ரூம் மென்பொருள் இலவசம், ஆனால் அதன் முழு வேலைக்கு என்விடியா கிராபிக்ஸ் அட்டை வேண்டும். அது இல்லையென்றால் ரியாலிட்டிஸ்கான் என்ற போன் செயலி உண்டு. கிடைக்கும் மாதிரியில் பல இலட்சம் முக்கோணங்கள் இருக்கும். பிளெண்டரின் டெசிமேற் என்ற முக்கோணம் குறைக்கும் வசதியால் 20,000க்குக் குறைத்து, இழந்த பின்னல் நுணுக்கத்தை நோர்மல் மப்பாக (மேடு பள்ளத்தைப் போலிசெய்யும் படமாக) ஏற்றுங்கள். 1024 அளவு மேற்பரப்புப் படம் ஒரு பெட்டிக்குத் தாராளம். மாதிரியின் மையப்புள்ளியைப் பெட்டியின் அடிக்கு இறக்க மறவாதீர்கள். மையம் நடுவில் இருந்தால் பாதிப் பெட்டி மேசைக்குள் புதைந்து நிற்கும்.

கேள்வி: செய்து முடித்த செயலியைப் பிளே ஸ்டோரில் போட எவ்வளவு செலவாகும்? ஐபோனுக்கும் கொடுக்கலாமா?
மாணவர், சாவகச்சேரி

பதில்: கூகுள் கணக்குக்கு ஒருமுறை மட்டும் 25 அமெரிக்க டொலர். புதிய தனிநபர் கணக்கென்றால் பொதுவெளியீட்டுக்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்கவேண்டும். இடையில் ஆட்கள் விலகி 12க்குக் கீழே போனால் நாட்கணக்கு பாதிக்கப்படும் என்பதால் 18, 20 பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு ஏஏபி (அன்ட்ரொயிட் அப் பண்டில்) வடிவில் இருக்கவேண்டும். செயலிக்கு ஏ.ஆர். கட்டாயமா விருப்பமா என்பதையும் சரியாகக் குறியுங்கள். கட்டாயமென்று குறித்தால், ஆதரவில்லாத போன்களுக்குச் செயலி கண்ணிலேயே படாது. ஏமாற்றத்தில் ஒற்றை நட்சத்திரம் விழுவதையும் அது தடுக்கும். ஐபோனுக்கு ஆண்டுக்கு 99 டொலரும், தொகுக்க ஒரு மக் கணினியும் வேண்டும். முதல் செயலிக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஐபோன்காரருக்கு உலாவிவழிப் பக்கம் ஒன்றை, மைண்ட்ஏஆரில், தனியாகச் செய்து கொடுங்கள்.